பாதரசம் இல்லாமல் குடிநீரில் காரீயத்தை அளக்க: பிஸ்மத் மின்முனையைத் தயாரித்துப் பயன்படுத்தும் முறை

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம் காரீயத்துக்கும் 3 மைக்ரோகிராம் காட்மியத்துக்கும் மேல் இருக்கக் கூடாது என்கிறது. இந்த நுண்ணளவைப் பெரிய கருவிகள் இல்லாமல் காண்பதற்கு மின்வேதியியலார் நெடுங்காலம் பாதரச மின்முனையையே நம்பியிருந்தனர். 1922-இல் பிராகில் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தைக் கொண்டு உருவாக்கிய போலரோகிராஃபி முறைக்கு 1959-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீரில் நச்சு உலோகம் உள்ளதா என்று பார்ப்பதற்காக மற்றொரு நச்சு உலோகத்தை ஆய்வுக்கூடத்தில் புழங்க விடுவது எனக்கு என்றுமே உடன்பாடானதாக இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் வாங் குழுவினர் அறிமுகப்படுத்திய பிஸ்மத் படல மின்முனை இதற்கு நல்ல மாற்று. தனிம வரிசையில் காரீயத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தாலும், பிஸ்மத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அதன் சேர்மங்கள் வயிற்றுக் கோளாறு மருந்துகளில்கூடப் பயன்படுகின்றன.

முறையின் அடிப்படை எளியது. கார்பன் மின்முனைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், கரைசலில் உள்ள பிஸ்மத், காரீயம், காட்மியம் ஆகிய மூன்றின் அயனிகளும் உலோகமாகி ஒன்றாக அதன் மேல் படியும். பின்பு மின்னழுத்தத்தை நேர்த்திசையில் உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரைந்து வெளியேறும்போது மின்னோட்டத்தில் ஒரு முகடு தோன்றும். முகட்டின் இடம் எந்த உலோகம் என்பதையும், உயரம் எவ்வளவு என்பதையும் சொல்லும். படியவைக்கும் இரண்டு நிமிடங்களில் உலோகம் மின்முனையில் செறிவடைவதால்தான் இவ்வளவு சிறிய அளவும் புலப்படுகிறது.

முதலில் பாத்திரங்கள். கண்ணாடிக் கலன்கள், பிளாஸ்டிக் குப்பிகள் அனைத்தையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரால் பல முறை அலசுங்கள். இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு முறை, மாதிரி நீரே சேர்க்காத வெற்றுக் கரைசலில் எனக்கு மூன்று நாள் தொடர்ந்து காரீய முகடு வந்தது. தாங்கல் கரைசலை (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றினேன், மின்முனையை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் பார்த்தால், பிப்பெட் முனைகள் இருந்த பெட்டி மூடியில்லாமல், பற்றவைப்பு வேலை நடக்கும் மேசைக்கு அருகில் இருந்தது. பற்றாசில் இருந்த காரீயம் தூசியாக வந்து அவற்றில் படிந்திருக்கிறது. புதிய முனைகளை எடுத்ததும் முகடு மறைந்தது.

தாங்கல் கரைசலுக்கு, 11.5 மி.லி. அடர் அசெட்டிக் அமிலத்தைச் சுமார் 900 மி.லி. நீரில் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஎச் 4.5-க்குக் கொண்டுவந்து, ஒரு லிட்டராக்குங்கள், இது 0.2 மோலார் அசெட்டேட் கரைசல். பிஸ்மத் இருப்புக் கரைசலை லிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவில், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மட்டுமே தயாரிக்க வேண்டும். வெறும் நீரில் நீர்த்தால் பிஸ்மத் நீராற்பகுப்படைந்து வெண்மையாகக் கலங்கிவிடும், கலங்கியதைப் பயன்படுத்தாதீர்கள்.

செயல்படும் மின்முனையாகக் கண்ணாடிக் கார்பனை எடுத்தால், 0.05 மைக்ரான் அலுமினாத் தூளை ஈரத்துணியில் இட்டு, எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னும் வரை மெருகேற்றி அலசுங்கள். வசதி இல்லாத கல்லூரிக் கூடங்களில் அழுத்துப் பென்சிலுக்குள் போடும் கிராஃபைட் குச்சியே போதும். ஒவ்வொரு முறையும் அது கரைசலில் ஒரே நீளம், சொல்லப்போனால் சரியாக 10 மி.மீ., மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டால் நம்பத்தக்க முடிவைத் தரும்; அளவு முடிந்ததும் குச்சியை மாற்றிக்கொள்ளலாம். ஒப்பீட்டு மின்முனையாக வெள்ளி–வெள்ளி குளோரைடும், துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியும் வேண்டும்.

இனி அளவீடு. 5 மி.லி. மாதிரி நீர், 5 மி.லி. தாங்கல் கரைசல், 40 மைக்ரோலிட்டர் பிஸ்மத் கரைசல் ஆகியவற்றைக் கலனில் சேர்த்தால் பிஸ்மத்தின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோகிராம் ஆகும். மாதிரி நீரை அமிலமிட்டுப் பாதுகாத்திருந்தால், கலந்த பின் பிஎச்சை மீண்டும் சோதித்துச் சரிசெய்யுங்கள். காந்தக் கலக்கியை ஓடவிட்டு, −1.2 வோல்ட்டில் 120 விநாடி படியவையுங்கள். கலக்கியை நிறுத்தி 10 விநாடி கரைசல் அடங்கக் காத்திருந்து, 25 ஹெர்ட்ஸ், 25 மில்லிவோல்ட் வீச்சு, 5 மில்லிவோல்ட் படி என்ற அமைப்பில் சதுர அலை முறையில் −0.3 வோல்ட் வரை செல்லுங்கள். காட்மியம் −0.8 வோல்ட் அருகிலும் காரீயம் −0.55 அருகிலும் எழும். பின்னர் கலக்கியபடியே +0.3 வோல்ட்டில் 30 விநாடி வைத்தால் பழைய படலம் கரைந்து மேற்பரப்பு தூய்மையாகும். பாதரசத்துடன் வேலை செய்தபோது கரைந்த ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிஸ்மத்தில் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. களத்துக்கு எடுத்துச் செல்லும்போது வாயு உருளையைச் சுமக்க வேண்டியதில்லை என்பது சிறிய வசதியல்ல.

முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்றின் சராசரியை எடுங்கள். அளவைக் கணக்கிட, செறிவு தெரிந்த திட்டக் கரைசலைச் சேர்க்கும் முறையே ஏற்றது. ஏனெனில் ஒவ்வோர் ஊர் நீரிலும் உள்ள உப்புகளும் கரிமப் பொருள்களும் முகட்டின் உயரத்தை வெவ்வேறு விதமாகப் பாதிக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள காரீயத் திட்டக் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால், கலனில் காரீயத்தின் செறிவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உயரும். முகடு 2.4 மைக்ரோஆம்பியரிலிருந்து 6.4-க்கு உயர்ந்ததாகக் கொள்வோம். 4.0 மைக்ரோஆம்பியருக்கு 10 மைக்ரோகிராம் என்றால், முதலில் இருந்தது 6. மாதிரியைப் பாதியாக நீர்த்திருப்பதால் நீரில் உள்ளது 12. அதாவது, வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு மூன்று முறை சேர்த்து நேர்கோடு வருகிறதா என்று உறுதிசெய்த பிறகே முடிவை எழுதுங்கள். வெற்றுக் கரைசலின் முகட்டையும் கழிக்க மறக்காதீர்கள்.

தாமிரம் மிகுந்த நீரில் காரீய முகடு குன்றும். மின்முனையின் பரப்புக்காகத் தாமிரம் பிஸ்மத்துடன் போட்டியிடுவதே காரணம். பிஸ்மத்தின் அளவைக் கூட்டினால் ஓரளவு சீராகும். மேலும் இம்முறை காண்பது தடையின்றி வினைபுரியும் அயனிகளை மட்டுமே. துகளிலோ மட்கிலோ கட்டுண்ட காரீயத்தையும் சேர்த்து அறிய வேண்டுமென்றால், மாதிரியை முன்னதாக அமிலத்தில் செரிக்க வைக்க வேண்டும். பாதரசத்தை அளக்க இந்த மின்முனை உதவாது. அது கரையும் இடத்துக்கு வருமுன்பே பிஸ்மத் கரைந்துவிடும் என்பதால், அதற்குத் தங்க மின்முனையே பொருந்தும்.

அளந்து முடித்த கரைசலில் நாமே சேர்த்த காரீயம் இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றாமல், பெயரும் தேதியும் எழுதிய தனிக் குப்பியில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.