டிஸ்க் கோல்ஃப்: உங்கள் கையின் வேகத்துக்கு எந்த டிஸ்க் எப்படிப் பறக்கும்?

தட்டு போன்ற டிஸ்கை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் கூடையில் விழவைக்கும் விளையாட்டு டிஸ்க் கோல்ஃப். அதற்குப் புதிதாக வருபவர்கள் முதலில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் அவர்களுக்கு உதவாத டிஸ்காகவே இருக்கிறது. அகன்ற விளிம்பும், மேலே 12, 13 என்ற எண்ணும் உள்ள டிஸ்டன்ஸ் டிரைவரை (நெடுந்தூர வீச்சுக்கான டிஸ்க்) பார்த்ததும் ‘இதுதான் தூரம் போகும்’ என்று எடுத்துவிடுகிறார்கள். வீசினால் கையை விட்டதுமே இடப்பக்கம் வளைந்து 50 மீட்டரில் தரையில் குத்துகிறது. டிஸ்கில் பழுது ஒன்றுமில்லை. அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் அவர்களுடையதைவிட வேகமான கைக்கு எழுதப்பட்டவை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் இடம், வலம் என்று வரும் இடமெல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னே வர வீசுவது) வீசுபவருக்கானது. இடக்கைக்காரரும், வலக்கையால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே வர வீசுவது) வீசுபவரும் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் தூரத்தை அளந்துவிடுங்கள்

காற்றில்லாத நேரத்தில், சமதளமான மைதானத்தில், கையிலிருக்கும் டிஸ்கில் எது நன்றாகப் போகிறதோ அதைப் பத்து முறை வீசுங்கள். மிக நீளமான இரண்டையும் மிகக் குட்டையான இரண்டையும் விட்டுவிட்டு, மீதி ஆறின் சராசரியை எடுங்கள். அளவுநாடா இல்லையென்றால் எட்டு வைத்து அளந்தாலும் போதும். ஆனால் உங்கள் ஒரு எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா எட்டும் ஒரு மீட்டர் என்று நம்புவதால்தான் பலரும் ‘நான் 80 மீட்டர் வீசுகிறேன்’ என்கிறார்கள்.

60 மீட்டருக்குள் என்றால் தொடக்கநிலை. 60 முதல் 95 வரை இடைநிலை. 110ஐத் தாண்டினால்தான் வேகமான டிஸ்க்குகள் தங்கள் எண்ணுக்கு ஏற்றபடி பறக்கத் தொடங்கும்.

படி 2: நான்கு எண்களைப் படியுங்கள்

பெரும்பாலான டிஸ்க்குகளில் நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். இந்த வரிசை மாறாது. இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் டிஸ்க் 6, 5, -2, 1. அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3.

ஸ்பீட் என்பது டிஸ்க் உங்களுக்குக் கொடுக்கும் வேகமில்லை; நீங்கள் டிஸ்குக்குக் கொடுக்க வேண்டிய வேகம். தொடக்கநிலைக் குழப்பங்களில் பாதி இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் வருவது. விளிம்பு அகலமாக ஆக ஸ்பீட் எண்ணும் கூடும். பட்டரின் (கூடைக்கு அருகிலிருந்து வீசும் டிஸ்க்) விளிம்பு சுமார் 1 செ.மீ., டெஸ்ட்ராயர் வகையினுடையது 2 செ.மீ.க்கும் மேல்.

கிளைட் என்றால் காற்றில் மிதந்து நிற்கும் தன்மை. டர்ன் என்றால் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாயும் அளவு. -3 என்றால் நன்றாகச் சாயும், 0 என்றால் சாயாது. ஃபேட் என்றால் வேகம் இறங்கிய பிறகு இடப்பக்கம் விழும் அளவு. டர்ன் அதிகமானது அண்டர்ஸ்டேபிள், ஃபேட் அதிகமானது ஓவர்ஸ்டேபிள் என்று பேச்சு வழக்கு.

இந்த எண்கள் தயாரிப்பாளர்கள் தாங்களே போடுபவை. போட்டிகளை நெறிப்படுத்தும் பி.டி.ஜி.ஏ. அமைப்பு டிஸ்கின் எடை, விட்டம், விளிம்பு போன்றவற்றுக்குத்தான் வரம்பு வைக்கிறது. எனவே ஒரு நிறுவனத்தின் 9ஐ இன்னொன்றின் 9ஓடு அப்படியே ஒப்பிட முடியாது.

ஏன் முதலில் வலம், பிறகு இடம்? சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கே சாயும். பம்பரம் தலையாட்டுவதும் இதனால்தான். டிஸ்க் வேகமாகப் போகையில் காற்றின் தூக்குவிசை நடுப்பகுதிக்குப் பின்னால் விழுந்து டிஸ்கின் மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்துகிறது. மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் சுழலும் டிஸ்க் அதனால் வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்ததும் அந்த விசை முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்குகிறது; டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது. ஆக, போதிய வேகம் கொடுக்காதவருக்கு முதல் பாதியே நடக்காது. கையை விட்ட நொடியிலேயே அவர் இரண்டாம் பாதியில் இருக்கிறார்.

படி 3: ஒரே டிஸ்க் மூன்று பேர் கையில்

டெஸ்ட்ராயரை எடுத்துக்கொள்வோம். 55 மீட்டர் வீசுபவர் கையில் டர்ன் என்பதே தெரியாது. புறப்பட்டதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு விழும். 85 மீட்டர் வீசுபவருக்குக் கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கொக்கி போல இடப்பக்கம் வளையும். 120 மீட்டர் எட்டுபவர் கையில்தான் மெல்ல வலம் போய், நடுவில் மிதந்து, கடைசியில் இடம் திரும்பும் அந்த நீண்ட ‘எஸ்’ வளைவு கிடைக்கும். அச்சிட்ட எண்கள் சொல்வது அந்த மூன்றாவது ஆளின் டிஸ்கைப் பற்றி.

லெப்பர்ட் இதற்கு நேர்மாறு. 55 மீட்டர் கைக்கு ஏறக்குறைய நேராகப் போய்ச் சற்றே இடம் விழும். எண்ணில் -2 என்று இருந்தும் வலப்பக்கம் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் வேகத்தில் அந்த -2 ஏறக்குறைய 0. இடைநிலைக்காரருக்கு வலம் போய்த் திரும்பும். பலமான கைக்காரர் அதைச் சமமாக வீசினால் வலப்பக்கம் சாய்ந்து அப்படியே போய்விடும், திரும்பாது. அதனால் அவர்கள் இடப்பக்க விளிம்பைத் தாழ்த்தி, அதாவது ஹைசர் கோணத்தில், வீசுவார்கள். பறக்கும்போது டிஸ்க் தானே நிமிர்ந்து நேராகப் போகும்.

மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்), பட்டர் வகைகளில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு. டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz: 5, 4, -1, 1) யார் கையிலும் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், தூரம்தான் மாறும். கற்றுக்கொள்வதற்கு அது ஏற்ற குணம்: டிஸ்க் கோணலாகப் போனால் தவறு கையில் என்று உறுதியாகத் தெரியும். டிரைவர் அப்படிச் சொல்லித்தராது, தவறையும் இயல்பான ஃபேட்டையும் கலந்து காட்டும்.

படி 4: மூன்று டிஸ்க் போதும்

தொடக்கநிலைக்கு ஒரு பட்டர் (இன்னோவா ஏவியார் போன்றது: 2, 3, 0, 1), ஒரு நேரான மிட்ரேஞ்ச், ஸ்பீட் 6 அல்லது 7இல், டர்ன் -2 அல்லது -3 உள்ள ஒரு ஃபேர்வே டிரைவர் (டிஸ்டன்ஸ் டிரைவரைவிட ஸ்பீட் குறைந்த டிரைவர்). ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் இப்போது வேண்டாம். உங்கள் வேகத்தில் எல்லா டிஸ்குமே சற்று ஓவர்ஸ்டேபிளாகத்தான் நடந்துகொள்ளும்.

எடையையும் பாருங்கள். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது பி.டி.ஜி.ஏ. வரம்பு, 21.2 செ.மீ. விட்டமுள்ள டிரைவர் சுமார் 176 கிராம் வரை இருக்கலாம். அந்த உச்ச எடை புதியவருக்குத் தேவையில்லை. டிரைவரில் 150 முதல் 165 கிராம் எடுத்தால் வேகம் கொடுப்பது எளிது, டர்னும் கொஞ்சம் கூடும். பட்டர் மட்டும் 170ஐ ஒட்டி இருக்கட்டும். லேசான பட்டரைக் காற்று இஷ்டத்துக்குத் தள்ளும்.

அடுத்த வேகத்துக்கு எப்போது ஏறலாம்? உங்கள் ஃபேர்வே டிரைவர் மிட்ரேஞ்சைவிடக் குறைந்தது 10 மீட்டராவது கூடுதலாகப் போக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் ஸ்பீட் 9 டிஸ்கும் அங்கேதான் விழும்.

படி 5: மைதானத்தில் சோதனை

தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ இலக்காக வையுங்கள். ஓடிவர வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே, முழுப்பலத்தில் முக்கால் பங்கு கொடுத்து, ஒவ்வொரு டிஸ்கையும் ஐந்து முறை வீசுங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வலம் சாய்ந்ததா, இடம் திரும்பத் தொடங்கியது எங்கே, விழுந்த இடம் கோட்டிலிருந்து எத்தனை எட்டு தள்ளி. இப்படிக் கிடைப்பதுதான் உங்கள் கைக்கான எண். வேண்டுமானால் டிஸ்கின் அடிப்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

படி 6: தப்பாகப் போனால்

உயரமாக எழும்பி, நடுவானில் நின்று, இடப்பக்கம் சரிந்து விழுகிறதா? மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. புதியவர்களின் தூரத்தைத் தின்பது பெரும்பாலும் இதுதான். பலவீனமான கை என்று நினைத்துக்கொண்டு டிஸ்க் மாற்றுவார்கள், அதனால் பயனில்லை. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கை மார்பு உயரத்தில் ஒரே மட்டத்தில் இழுங்கள். உடல் எடை பின்காலில் தங்கினால் தோள் சாய்ந்து மூக்கு தானாக எழும்பும், எனவே டிஸ்கை விடும்போது எடை முன்காலில் இருக்க வேண்டும். 55 மீட்டர் வீச்சுக்கு 4, 5 மீட்டர் உயரமே தாராளம்.

தடதடவென ஆடிக்கொண்டு போகிறதா? விடும்போது மணிக்கட்டு உருள்கிறது, அல்லது பிடி தளர்ந்திருக்கிறது. மணிக்கட்டை உருட்டினால் டிஸ்க் வலப்பக்கம் புரண்டு விழவும் செய்யும். அதைப் பார்த்து ‘இது ரொம்ப அண்டர்ஸ்டேபிள்’ என்று ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் வாங்கினால் தவறு மறையுமே தவிரத் திருந்தாது. பட்டரில் இதே ஆட்டம் வந்தால் குற்றம் கையில்தான்.

நேராகப் பறக்கிறது, ஆனால் புறப்படும் திசையே தப்பு என்றால் விடும் நேரம் மாறியிருக்கிறது: முந்தி விட்டால் இடம், பிந்தி விட்டால் வலம்.

காற்று எதிரே வீசினால் டிஸ்க் உணரும் வேகம் கூடுகிறது. எல்லா டிஸ்கும் ஒரு படி அண்டர்ஸ்டேபிளாகும். பின்னாலிருந்து வீசினால் டர்ன் குறைந்து சீக்கிரம் இடம் விழும். எதிர்காற்றில் பலமாக வீசத் தோன்றும். அது வேகத்தை இன்னும் கூட்டி டிஸ்கைப் புரட்டும். தாழ்வாக, நிதானமாக வீசுங்கள்.

விலை குறைந்த பிளாஸ்டிக்கில் செய்த டிஸ்க், மரத்திலும் கல்லிலும் பட்டு விளிம்பு தேயத் தேய அண்டர்ஸ்டேபிளாக மாறும். உயர்ரகப் பிளாஸ்டிக்கில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். உங்கள் நேரான மிட்ரேஞ்ச் வலப்பக்கம் ஓடத் தொடங்கினால் கையைச் சந்தேகிக்கும் முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அதே மாடலில் புதிது ஒன்று வாங்கிப் பையில் இரண்டையும் வையுங்கள்: நேர்பாதைக்குப் புதியது, வலப்பக்கம் வளையும் பாதைக்குப் பழையது.