பிசியோதெரபி ஓ.பி.க்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, சீட்டில் ‘பிசியோ’ என்று எழுதி அனுப்பிவிடுவார். எப்படிக் கிளம்பிப் போக வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்காது. மூட்டுவலி, தோள்பட்டை இறுக்கம் என்று போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. காகிதங்கள். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே ஃபிலிம், ரிப்போர்ட், ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. எல்லாம் ஒரே கட்டைப்பையில்.

2. எந்த வேலை முடியவில்லை என்று முதல் நாளே எழுதி வையுங்கள். பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது. “ரொம்ப வலிக்குது” என்பதை வைத்து எந்தப் பயிற்சியையும் முடிவு செய்ய முடியாது. “தலை பின்ன கை பின்னால் போகவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, வலப்பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிறது” என்றால் தோளில் எந்த அசைவு அடைபட்டிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்டுக்குப் பிடிபட்டுவிடும். மூட்டுவலியா? படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா? தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடிகிறதா? காலையில் விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது?

வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் கேட்பார்கள். எதற்கெடுத்தாலும் பத்து போடாதீர்கள். உட்கார்ந்திருந்தால் மூன்று, படி இறங்கினால் ஏழு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

3. உடை. முழங்கால் என்றால் தொடை வரை சுருட்ட முடிகிற தொளதொள பேன்ட், அல்லது வேட்டி. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தோள் என்றால் ஆண்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, உள்ளே கையில்லாத பனியன். பெண்களுக்குத் தளர்வான சுடிதார் வசதி. திரை இருக்கிறதா, பெண் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

4. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை. பேஸ்மேக்கர், உடம்புக்குள் பிளேட் அல்லது ஸ்குரூ, கர்ப்பம், புற்றுநோய் சிகிச்சை. மின்சாரத்தையும் வெப்பத்தையும் வைத்துச் செய்யும் சில சிகிச்சைகள் இவர்களுக்கு ஆகாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும். கழுத்துக்கோ தோளுக்கோ வெப்ப சிகிச்சை என்றால் செயினைக் கழற்றச் சொல்வார்கள். தாலிச் செயினைக் கழற்றத் தயக்கமா? மெஷினைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

5. அன்று காலை. வழக்கமான சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். வலிக்கிற இடத்தில் தைலம், எண்ணெய் எதுவும் தேய்க்காதீர்கள். மின்சார சிகிச்சைக்கான பட்டைகள் சரியாக ஒட்டாது, தைலத்தின் மேல் சூடு வைத்தால் எரியும். ஓ.பி. பெரும்பாலும் காலை நேரத்தில்தான், சீக்கிரம் போய்விடுங்கள்.

6. கிளம்பும் முன். சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். அனுமதி கேட்டுவிட்டு, கூட வந்தவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த அளவு வலித்தால் நிறுத்த வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

படுக்கையோடு இருக்கும் பெரியவர்களை இப்படி அலைக்கழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.