நாலு கட்டத்தில் தொடங்குங்கள்: பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கான புள்ளியியல்

எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) வகுப்புக்குப் பல் மருத்துவம், நர்சிங், சமூகப்பணி என்று பல திசைகளிலிருந்து வருகிறார்கள். கணக்கைப் பள்ளியோடு தலைமுழுகியவர்கள் அதில் நிறைய. பயோஸ்டாட்ஸ் (சுகாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்) என்றதும் நேரே மென்பொருளைத் திறந்துவிடாதீர்கள். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: எண்ணா, அடையாளமா?

எக்ஸெல் தாளில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று போட்டிருப்பீர்கள். சராசரி கேட்டால் கணினி 1.6 என்று கூசாமல் சொல்லும். அந்த 1.6 யார்? வயது, எடை போன்றவை அளவுகள். பாலினம், வார்டு எண் போன்றவை வெறும் அடையாளங்கள். அடையாளங்களுக்குச் சதவீதம் மட்டும் போடுங்கள்.

படி 2: சராசரியை அப்படியே நம்பாதீர்கள்

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து பேருக்கு வாந்தி. சாப்பிட்டு 6, 8, 9, 10, 72 மணி நேரத்தில் தொடங்கியது என்று வையுங்கள். சராசரி 21 மணி. ஆனால் அந்த நேரத்தை ஒட்டி ஒருவருக்கும் வாந்தி வரவில்லை. வரிசையில் நடுவே நிற்கும் 9 மணிதான் (இடைநிலை) நடந்ததைச் சொல்கிறது. அந்த 72 மணிக்காரருக்கு வேறு ஏதாவது காரணமா என்றும் விசாரியுங்கள்.

படி 3: நாலு கட்டம்

பாடத்தின் உயிர் இங்கேதான். வடசென்னையில் ஒரு தெரு, 200 பேர், வயிற்றுப்போக்கு பரவுகிறது (பயிற்சிக்காக நான் கட்டிய கணக்கு). தெருக்குழாய்த் தண்ணீர் குடித்த 80 பேரில் 24 பேருக்கு நோய். கேன் தண்ணீர் குடித்த 120 பேரில் 12 பேருக்கு. கட்டம் போடுங்கள்:

குழாய்: நோய் 24, நோயில்லை 56
கேன்: நோய் 12, நோயில்லை 108

குழாய்க்காரர்களின் ரிஸ்க் 24/80, அதாவது 30%. கேன்காரர்களுக்கு 12/120, 10%. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3. இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க்: குழாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு.

இனி குறுக்கே பெருக்குங்கள்: (24 × 108) ÷ (56 × 12) = 3.86. இது ஆட்ஸ் ரேஷியோ: ‘நோய் ÷ நோயில்லை’ என்ற விகிதத்தை (ஆட்ஸ்) இரு குழுவுக்கும் போட்டு, ஒன்றை மற்றதால் வகுப்பது. இதையும் ‘நாலு மடங்கு வாய்ப்பு’ என்று எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. நோய் அரிதாக இருந்தால் இரண்டு எண்களும் நெருங்கி வரும். இங்கே 200 பேரில் 36 பேருக்கு நோய். அதனால் விலகி நிற்கின்றன. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் தனித்தனியே பொறுக்கியெடுக்கும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் ரிஸ்க்கை நேரடியாகக் கணக்கிட முடியாது. அங்கே ஆட்ஸ் ரேஷியோதான் வழி.

படி 4: 3 என்பது எவ்வளவு உறுதி?

இதே நான்கு எண்களை ஓபன்எபி என்ற இலவசத் தளத்தில் போடுங்கள். ரிலேட்டிவ் ரிஸ்க்கின் 95% நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) ஏறத்தாழ 1.6 முதல் 5.6 வரை வரும். 1 என்றால் இரு குழுவுக்கும் ரிஸ்க் சமம்; அந்த 1 அதற்குள் இல்லை. ஆகவே வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இடைவெளி அகலமாக இருப்பதால், ‘சரியாக மூன்று மடங்கு’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பி-மதிப்பு சொல்வது வேறு: இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்பது. வழக்கமான எல்லைக்கோடான 0.05-ஐத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பவர்களை நான் நம்புவதில்லை.

படி 5: வேறு யாராவது குற்றவாளியா?

குழாய்த் தண்ணீர் குடித்தவர்களில் சின்னக் குழந்தைகள் அதிகமோ? குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு எளிதில் வரும். ஐந்து வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நாலு கட்டம் போட்டு ரிலேட்டிவ் ரிஸ்க் பாருங்கள். இரண்டிலும் 3 வந்தால் வயது காரணமல்ல. இரண்டும் 1-ஐ நெருங்கினால் தண்ணீர் மேல் போட்ட பழியைத் திரும்பப் பெறுங்கள்.

படி 6: உண்மையான ஆய்வு

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்’ என்ற பாடத்தை என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக நடத்தியிருக்கிறது; தொடக்கத்துக்கு நல்லது. அதோடு நம்மூர் ஆய்வு ஒன்று. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) சிகிச்சை அளித்தது. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86%, சானடோரியத்தில் 92%. அந்த ஆறு சதவீதம் நிஜமா, தற்செயலா? 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த கட்டுரையைத் தேடி எடுத்து, எத்தனை பேர் என்று பார்த்து, நாலு கட்டத்தை நீங்களே நிரப்பிக் கணக்கிடுங்கள்.