கழற்றிய சைக்கிள் கியர் ஷிஃப்டரைத் திரும்பப் பூட்டுவது எப்படி?

கியர் சரியாக விழவில்லை என்று, ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரின் மூடியைத் திறந்திருப்பீர்கள். உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளி விழுந்திருக்கும். அதை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் இன்னும் நான்கு துண்டுகள் மேசையில் கிடந்திருக்கும். எது எங்கே இருந்தது என்று இப்போது தெரியவில்லை. என் முதல் ஷிஃப்டரும் இப்படித்தான் ஆனது. இரண்டு நாள் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, அதன் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷிஃப்டரின் உட்பகுதியைப் பிரிக்க வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் தனியாகக் கிடைப்பதும் அரிது. ஒன்று தொலைந்திருந்தாலோ, ஒரு பல் உடைந்திருந்தாலோ புது ஷிஃப்டர் வாங்குவதுதான் வழி. எல்லாத் துண்டும் கையில் இருந்தால் மேலே படியுங்கள்.

எந்த வகை ஷிஃப்டர்?

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இயக்கும் ட்ரிகர் ஷிஃப்டரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கைப்பிடியோடு சேர்த்து முறுக்குகிற வகை என்றால் வேலை பாதிதான்: ஒரு சுருள் பாதை, வளைந்த ஒரு தகடு, அது விழுந்து உட்காரும் பள்ளங்கள், அவ்வளவே. 1984-ல் ஷிமானோ நிறுவனத்தின் டூரா-ஏஸ் என்ற ரேஸ் சைக்கிள் பாகங்களின் செட்டோடு 'டிக் டிக்' என்று விழும் கியர்கள் பரவத் தொடங்கின. அதற்கு முந்தைய பாணி லீவரில் பெரும்பாலும் பல்லும் கிடையாது, பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கும் கிடையாது. வாஷர்களின் உராய்வுதான் வயரைப் பிடித்து நிறுத்தும். கழற்றிய வரிசையில் அடுக்கி இறுக்கினால் முடிந்தது. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் ரேஸ் சைக்கிள் வகையை மட்டும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அங்கே தவறினால் பிரேக்கும் சேர்ந்து போகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இது புரிந்துவிட்டால் போட்டோ எடுக்க மறந்திருந்தாலும் சமாளிக்கலாம். நடுவில் ஒரு உருளை, அதில்தான் கியர் வயர் சுற்றிக்கொள்ளும். அதன் விளிம்பில் ரம்பம் போலப் பற்கள். உருளைக்கு அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங். வயரை எப்போதும் வெளியே விட்டுவிடத் துடிப்பது இந்த ஸ்பிரிங்தான். பின்சக்கரத்துப் பக்கம் இருந்து சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரின் ஸ்பிரிங்கும் வயரை அதே திசையில்தான் இழுக்கிறது.

இவை இரண்டையும் எதிர்த்து நிற்பது ஒரு சின்ன உலோக நாக்கு. ஆங்கிலத்தில் இதைப் 'பால்' என்பார்கள், குடிக்கிற பால் இல்லை. அது பல்லில் விழுந்து உருளையைப் பிடித்துக்கொள்ளும். பெரிய லீவரை அழுத்தும்போது இன்னொரு நாக்கு பல்லைத் தள்ளி உருளையைச் சுற்றுகிறது. சின்ன லீவரை அழுத்தினால் பிடித்திருந்த நாக்கு விலகும். ஆனால் ஒரே ஒரு பல் நகர்ந்ததும் தடுப்பு ஒன்று குறுக்கே வந்து நிறுத்திவிடும். பழைய ஊசல் கடிகாரத்தில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு பல் நகர்வது போலத்தான்.

ஆக, கையில் ஒரு துண்டை எடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது சுற்றுவதா, பிடிப்பதா, விடுவதா?

துடைத்து அடுக்குங்கள்

வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, துண்டுகளை அதன் மேல் பரப்புங்கள். உலோகத் துண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எல்லாம் நன்றாக உலரட்டும். பல நேரம் ஷிஃப்டரில் எதுவுமே உடைந்திருக்காது. பழைய கிரீஸ் பிசின் போல இறுகி, நாக்கு பல்லில் விழாமல் தடுத்திருக்கும். மூடியைத் திறந்த கையோடு உள்ளே கொஞ்சம் கிளீனர் அடித்திருந்தால் பிரிக்கவே தேவை இருந்திருக்காது. சரி, அடுத்த முறைக்கு ஆகட்டும்.

மறுபக்க ஷிஃப்டர் நன்றாக வேலை செய்கிறதென்றால் அதன் மூடியை மட்டும் திறந்து எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி இருக்கும். அது முன்பக்க கியருக்கானது என்றால், அங்கே கியர் குறைவு என்பதால் பல்லும் குறைவாக இருக்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் கழற்றிவிடாதீர்கள்.

நாக்குகளை முதலில் மாட்டுங்கள்

ஒவ்வொரு நாக்குக்கும் முடி போன்ற ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதன் ஒரு முனை நாக்கின் பள்ளத்திலும் மறுமுனை உடற்பகுதியின் சுவரிலும் சாய வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் நாக்கை விரலால் தள்ளிவிட்டதும் உருளை இருக்கும் பக்கம் தானே திரும்பி வரும். எதிர்ப்பக்கம் போனாலோ, நடுவில் தொங்கினாலோ ஸ்பிரிங் தலைகீழ்.

இந்த வேலையை, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஸ்பிரிங் துள்ளினாலும் பைக்குள்ளேயே விழும்.

நாக்கு சுழலும் அச்சில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள், அங்கே கிரீஸ் வேண்டாம். பற்களுக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸை விரல் நுனியால் மெல்லப் பூசினால் போதும். அள்ளி அப்பினால் எந்த நோய்க்காகத் திறந்தீர்களோ அதே நோய் திரும்பி வரும்.

உருளையும் முறுக்கும்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சுருள் ஸ்பிரிங்கின் ஒரு முனை உடற்பகுதியில் உள்ள துளைக்குள்ளும், மறுமுனை உருளையின் துளைக்குள்ளும் போக வேண்டும். அப்படியே உருளையை அழுத்தி உட்கார வைத்து மூடிவிட்டால் ஸ்பிரிங்கில் முறுக்கே இருக்காது. முறுக்கு இல்லாவிட்டால் உருளைக்குத் திரும்பிப் போகும் ஆசையும் இருக்காது.

நான் அப்படித்தான் செய்தேன். மேசையில் வைத்து அழுத்தியபோது அழகாக டிக் டிக் என்றது. சைக்கிளில் மாட்டியதும் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. இறங்கும்போது கடைசி இரண்டு கியருக்கு வரவே இல்லை. வயரைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். பாவம், வயர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு முனைகளையும் மாட்டியபின் உருளையை முழுதாக அழுத்தாமல், கொஞ்சம் தூக்கினாற்போல் பிடித்துக்கொள்ளுங்கள். நாக்குகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒதுக்கிவிட்டு, வயரைச் சுற்றும் திசையில் உருளையைத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப ஸ்பிரிங் உள்ளே சுருங்கி இறுக வேண்டும். அகலமாக விரிந்தால் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், எடுத்துப் புரட்டிப் போடுங்கள். உருளையில் துருத்திக்கொண்டிருக்கும் தடுப்புக் கட்டை, உடற்பகுதியின் தடுப்பைத் தாண்டியதும் உருளையைக் கீழே அழுத்துங்கள். 'டக்' என்று உட்காரும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நான் பிரித்தவற்றில் ஒரு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கையை எடுக்காமலே, கழற்றிய வரிசைக்கு நேர் எதிராக லீவர், வாஷர், நடு நட் என்று அடுக்குங்கள். நட்டை வலுக்கொண்டு இறுக்காதீர்கள். தட்டுகள் ஆடாத அளவுக்கு இறுக்கி லீவரை அழுத்திப் பாருங்கள். லீவர் மந்தமாகத் திரும்பினால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

மூடும் முன் எண்ணிப் பாருங்கள்

ஏழு கியர் ஷிஃப்டர் என்றால் ஆறு டிக், எட்டு என்றால் ஏழு. கியர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. பழைய வயர்த் துண்டு ஒன்றை மாட்டி, ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். கீழே வரும்போது ஒரே அழுத்தில் இரண்டு பல் தாவினால் தடுப்பு நாக்கின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மேலே ஏறும்போது கடைசி டிக் கிடைக்கவில்லை என்றால் முறுக்கு அதிகம்.

எண் சரியாக வந்த பிறகு மூடியைப் போடுங்கள். கியர் எண் காட்டும் முள் இருந்தால், வயர் முழுதும் வெளியே விட்ட நிலையில் உருளையை வைத்து, முள்ளையும் அதே கடைசி எண்ணில் வைத்து மாட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூக்கள் சின்னவை. ஒருமுறை மரை போனால் பிறகு எதையும் பிடிக்காது.

வயர்

கியர் வயர் வேறு, பிரேக் வயர் வேறு. கியருக்குப் பெரும்பாலும் 1.1 அல்லது 1.2 மி.மீ., பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6. தலைக் குண்டின் வடிவமும் வேறு. சின்ன லீவரை இனி டிக் வராது என்கிற வரை அழுத்துங்கள். அப்போதுதான் உருளையின் துளை வெளித்துளைக்கு நேராக வரும். உள்ளே பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரியும். வயரை நுழைத்து, குண்டு அதன் குழியில் உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஷிஃப்டரை ஹேண்டில்பாரில் மாட்டுங்கள். சங்கிலியைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தில் விட்டுவிடுங்கள். வயர் இழுப்பைச் சரிசெய்யும் திருகை முழுவதும் உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். வயரைக் கையால் இழுத்துப் பிடித்து டீரெய்லர் போல்ட்டை இறுக்குங்கள்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றியபடி ஒரு டிக் கொடுங்கள். சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் வயர் தொய்வாக இருக்கிறது, அந்தத் திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததில் போய் விழுந்தால் கால் சுற்று உள்ளே. டீரெய்லரில் எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூக்கள் தெரியும், சங்கிலி இரண்டு ஓரத்தையும் தாண்டிப் போகாமல் தடுப்பவை அவை. பிரிப்பதற்கு முன் அவை சரியாக இருந்தன என்றால் இப்போதும் தொடாதீர்கள். புது வயர் போட்டிருந்தால் சில நாள் ஓட்டியதும் கொஞ்சம் தொய்யும். அப்போது இன்னொரு கால் சுற்று கொடுத்தால் போதும், ஷிஃப்டரைத் திறக்க வேண்டியதில்லை.