எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறதா?

பைக்கில் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்இடி மாட்டியதும் இண்டிகேட்டர் படபடக்கும். 10 வாட் பல்பு இழுத்த கரண்டை எல்இடி இழுப்பதில்லை. பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதென்று, இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷர் ரிலே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவதுதான் சரி. வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பின்னால் வரும் பஸ்காரருக்கு நாம் திரும்புவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பழைய பல்பு அளவுக்குக் கரண்டை இழுக்க ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். பைக்கில் வேண்டாம். மிச்சமாகும் கரண்ட் சூடாகவே வீணாகும். நம்மூர் வெயிலில் பிளாஸ்டிக்கை ஒட்டியிருந்தால் உருக்கிவிடும். எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் ரிலே வாங்கி மாற்றுங்கள். பி (பேட்டரி), எல் (லோடு, அதாவது விளக்குப் பக்கம்) குறிகளைப் பார்த்து ஒயரைச் செருகுங்கள், மாற்றிச் செருகினால் மின்னாமல் போகலாம்.

அப்புறம், பல புதிய கார்களில் தனி ரிலே கிடையாது, கம்ப்யூட்டரே மின்னவைக்கும். அங்கே ரெசிஸ்டர்தான், அதுவும் இரும்புத் தகட்டில் இறுக்கி.