மழை தாங்கும் ரைடிங் ஜாக்கெட்டை வீட்டிலேயே துவைப்பது எப்படி?

"வாங்கின புதுசுல ஒரு சொட்டு உள்ளே வரலை, இப்ப வால்பாறை ஏறுறதுக்குள்ள பனியன் வரைக்கும் நனைஞ்சிடுது" என்று புலம்பாத பைக் ரைடர் குறைவு. பல நேரம் ஜாக்கெட் கெட்டுப்போயிருக்காது, அழுக்கேறியிருக்கும். துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும் என்று பயந்து, தண்ணீரே காட்டாமல் வைத்திருப்பார்கள். வியர்வை உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த துணிதான் மழையை உறிஞ்சும். தவறான சோப்பும் அதே வேலையைச் செய்யும்.

முதலில், தண்ணீரைத் தடுப்பது எது?

வெளியே தெரியும் பாலியஸ்டர் அல்லது கார்டுரா நைலான் துணி சாலையில் உரசினால் தாங்குவதற்கு. அதன் மேல் பூசியிருக்கும் டி.டபிள்யூ.ஆர் (Durable Water Repellent) என்ற, தண்ணீரை ஒட்டவிடாத பூச்சுதான் மழைத்துளியை முத்து முத்தாக உருட்டி விடுகிறது. அதையும் தாண்டி வரும் தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. கோர்-டெக்ஸ் வகைச் சவ்வில் இருக்கும் நுண்துளைகள் தண்ணீர்த் துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை. ஆனால் வியர்வை ஆவி வெளியேறப் போதுமானவை. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும்.

மேல்துணி தண்ணீர் குடித்துவிட்டால் வியர்வை ஆவி வெளியே போக வழியில்லை. உள்ளே ஈரமாகும். ஓட்டை விழுந்துவிட்டது என்று நாம் நினைப்பது சில நேரம் நம் வியர்வைதான்.

உங்கள் ஜாக்கெட்டில் இந்தச் சவ்வு ஜிப் போட்டுக் கழற்றும் உள்ளடுக்காக (ரெயின் லைனர்) இருக்கிறதா, உள்ளேயே தைத்திருக்கிறதா, மேல்துணியோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்தையலில் இருக்கும் லேபிளையும் படியுங்கள். அதில் இருப்பதும் நான் சொல்வதும் முரண்பட்டால் லேபிள் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: கழற்றுங்கள்

பாக்கெட்டுகளைக் காலி செய்யுங்கள். நனைந்து கூழான பெட்ரோல் பில்லைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை. தோள், முழங்கை, முதுகில் இருக்கும் ஆர்மர்களை (விழுந்தால் அடி தாங்கும் பட்டைகள்) எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மரைத் தண்ணீரில் ஊறவைக்கவோ மெஷினில் போடவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். லைனர்களைத் தனியாகத் துவைக்கலாம்.

எல்லா ஜிப்பையும் மூடி, வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். திறந்த வெல்க்ரோ உள்பக்க வலைத்துணியில் மாட்டி நூலை இழுத்துவிடும்.

படி 2: கறைகளைத் தனியாகக் கவனியுங்கள்

நெஞ்சில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூச்சிகளை நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துண்டை மேலே போட்டு 15 நிமிடம் விட்டால் இளகி வந்துவிடும். கழுத்துப்பட்டையின் உள்பக்கம் தலை எண்ணெயும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து கறுத்துப் பளபளக்கும். அங்கே ஒரு சொட்டு லிக்விட் சோப்பு விட்டு, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். ரைடிங் பேன்ட்டையும் சேர்த்துத் துவைத்தால், அதன் கணுக்கால் பக்கம் படியும் செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் மசகு) கறைக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு போதும். ஆனால் அதை முழுவதும் அலசி எடுத்துவிட வேண்டும். செயினுக்கு மண்ணெண்ணெய் போடும் பழக்கத்தில் ஜாக்கெட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாமே பூச்சுக்கும், தையல் ஓட்டைகளை உள்பக்கமாக மூடும் தையல் டேப்புக்கும் எமன்.

படி 3: சோப்பு

சோப்புத் தூள், ப்ளீச், ஃபேப்ரிக் கண்டிஷனர் மூன்றும் கூடாது. கண்டிஷனர்தான் மிக மோசம். வாசனை தரும் அந்தப் படலம் துணியிலேயே தங்கி, தண்ணீர் உருளும் தன்மையைக் கெடுத்துவிடும். நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி இதற்கென்றே வரும் திரவம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மென்மையான லிக்விட் டிடர்ஜென்ட்டைக் கொஞ்சமாகப் போட்டு, கூடுதலாக இரண்டு முறை அலசுங்கள்.

படி 4: துவையுங்கள்

பெரிய டப்பில் 30 டிகிரி அளவில் தண்ணீர். நம் ஊரில் இதற்காகச் சுடவைக்கத் தேவையில்லை. மே மாத மதியமாக இருந்தால் மாடித் தொட்டித் தண்ணீரை ஆறவைக்கத்தான் வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள். துவைகல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். முதல் தண்ணீர் காபி நிறத்தில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் போடலாமா? லேபிள் அனுமதித்தால், ஃப்ரன்ட் லோடில், ஜென்டில் மோடில், ஸ்பின் இல்லாமல் போடலாம். டாப் லோடில் எனக்குச் சம்மதமில்லை. தண்ணீர் புகாத துணி தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்; ஸ்பின் வேகமெடுக்கும்போது டிரம் ஒரு பக்கம் சாய்ந்து மெஷினே ஆட்டம் போடும். மெஷினோடு வரும் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும்.

படி 5: உலர்த்துங்கள்

அகலமான ஹேங்கரில், நிழலில், ஃபேன் காற்றில். நேர் வெயில் ஃப்ளோரசன்ட் நிறத்தை வெளுக்க வைக்கும், நைலானையும் நாளடைவில் பலவீனமாக்கும். சவ்வுக்கும் மேல்துணிக்கும் நடுவே தேங்கிய தண்ணீர் கை நுனியில் வந்து இறங்கும். அவ்வப்போது அழுத்தி வடித்துவிடுங்கள். மேல்பக்கம் காய்ந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சை வாடைதான்.

படி 6: தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

தோளில் தண்ணீர் தெளியுங்கள். உருண்டு ஓடினால் வேலை முடிந்தது. துணி கறுத்து உறிஞ்சினால், முதலில் சூடு கொடுங்கள். பழைய பூச்சு ஓரளவு மீண்டும் உயிர் பெறும். லேபிளில் அயர்ன் செய்யலாம் என்று இருந்தால், மெல்லிய துணி விரித்து, குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல். பளபளக்கும் ரிஃப்ளெக்டர் பட்டையையும் ரப்பர் லோகோவையும் தொடாதீர்கள். புதியவர்களுக்கு ஹேர் டிரையர் பாதுகாப்பானது.

அப்புறமும் உறிஞ்சினால் டி.டபிள்யூ.ஆர் ஸ்ப்ரே அடியுங்கள். ஈரத்தில் அடிப்பதா, காய்ந்த பிறகா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், படித்துப் பாருங்கள். தோள், நெஞ்சு, முன்கை, பேன்ட்டில் தொடை என மழை நேராக அடிக்கும் இடங்களுக்கு முன்னுரிமை. தண்ணீரில் கலந்து துவைக்கும் வகையும் உண்டு. ஆனால் அது உள்துணியிலும் ஏறிவிடும், வியர்வையை இழுக்கவேண்டிய துணி அதைச் செய்யாமல் போகும். ஸ்ப்ரேதான் என் தேர்வு.

உள்பக்கத் தையல் டேப் உரிந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிர்ந்தாலோ எந்தத் துவைப்பும் காப்பாற்றாது. ஆர்மருக்காக அந்த ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு, மேலே ஒரு ரெயின் கோட் போட்டுக்கொள்ளுங்கள்.

முழுதாகக் காய்ந்த பிறகு படத்தைப் பார்த்து ஆர்மரை மாட்டுங்கள். ஒருமுறை போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை மடக்கிப் பாருங்கள். முழங்கை எலும்பு ஆர்மரின் குழிவில் சரியாக உட்கார வேண்டும்.