தன்னாட்சிக் கல்லூரியில் ஒரு பாடத்தின் சிலபஸை மாற்றுவது எப்படி?

முதலில் பழைய மாணவர்கள் பத்துப் பேருக்கு போன் போட்டு, வேலைக்குப் போன புதிதில் எங்கே திணறினார்கள் என்று மட்டும் கேளுங்கள். சரி, அடுத்து எதைச் சேர்ப்பது என்பதற்கு முன் எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் ஐந்தாவது யூனிட் கடைசி வாரத்தில் அரக்கப்பரக்க ஓடும், பாவம் பிள்ளைகள். பி.காம் என்றால் கையால் லெட்ஜர் எழுதும் நேரத்தில் பாதியை எடுத்து, ஒரு மளிகைக்கடையின் பில் கட்டைக் கையில் கொடுத்து ஜிஎஸ்டி கணக்குப் போடச் சொல்லலாம். வினாத்தாள் மாதிரியையும் கூடவே மாற்றுங்கள், அதை விட்டால் வகுப்பில் எதுவும் மாறாது. அப்புறம் போர்டு ஆஃப் ஸ்டடீஸ், அதாவது அந்தத் துறையின் பாடத்திட்டக் குழு: யுஜிசி விதிப்படி அதில் தொழில்துறை ஆள் ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும், வரைவை அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அங்கே தேறினால், கடைசி ஒப்புதலுக்குக் கல்லூரியின் அகாடமிக் கவுன்சில்.